அக்காவுக்கு ஒரு இடம்

வேன் ஊறணிச் சந்தியைத் தாண்டி வடக்கே போனபோது மக்டலினின் சந்தேகம் உறுதியாயிற்று. தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் இப்படி வாயை மூடிக்கொண்டு போக மாட்டார்கள்.

முன் ஆசனத்தில் தங்கையின் கணவன் அன்ரோ, சாரதிக்கு வழி காட்டுகிறவனைப் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீதியில் தொலைந்துபோக முயன்றாலும் முடியாது. அதற்கு வழிகாட்டி எதற்கு? பக்கத்தில் தங்கை மேர்லின் மடியிலிருந்த கைப்பையின் சிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மடித்து வைத்த சக்கர நாற்காலி ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் கிலுங்கியது.

"பாதை நல்லாப் போட்டிருக்காங்களாம் அக்கா," என்றாள் மேர்லின். "கதிரையை ஆரும் தூக்கத் தேவையில்லையாம். நீயே உருட்டிட்டுப் போகலாமாம்."

"இத நீ விடியத்திலயிருந்து சொல்லிட்டுத்தான் இருக்காய்."

"நல்ல விசயந்தானேகா?"

"நல்ல விசயம் எண்டா ஒருக்காச் சொன்னாக் காணும்."

மேர்லின் சிப்பை மூடினாள். அன்ரோ இருமினான். அந்த இருமலில்கூட ஏதோ ஒத்திகை இருந்தது.

பஸ் கவிழ்ந்து மக்டலினின் கால்கள் ஓய்ந்து ஒன்பது வருடமாகிறது. ஆசுப்பத்திரி, கோயில், இரண்டு சாவீடு, ஒரு கலியாணம். இவற்றைத் தவிர யாரும் அவளை எங்கும் கூட்டிப்போனதில்லை. அதற்காக அவள் யாரையும் நொந்ததுமில்லை. தாண்டவன்வெளி வீட்டின் முன்னறையில் மேசையும் கணினியும் வைத்து, பள்ளிக்கூட, டியூஷன் ஆசிரியர்களுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுத்து, யன்னலால் போகிறவர்களைப் பார்த்து, காலம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. போன வாரம் வரைக்கும்.

போன வாரம் மேர்லின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே தொலைபேசியில் கதைத்தாள். தன் குரல் சுவரைத் தாண்டாது என்று நினைக்கிற ஆட்களில் அவளும் ஒருத்தி.

"ஓம், அக்காவுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு. தன்னாமுனையில. ஃபாதர்தான் சொன்னவர். கதிரையில இருக்கிற ஆள் எண்டாலும் பிரச்சினை இல்லையாம். இல்ல, அவவுக்கு இன்னும் சொல்லல்ல. சொன்னா எல்லாத்தையும் குழப்பிப்போடுவா. முதல்ல ஒருக்காப் பாக்கட்டும். மறுகா சொல்லலாம்."

மக்டலின் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். தேங்காய் துருவும் சத்தம் தொடர்ந்தது. தன்னை ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

இல்லம் என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் வைக்கும் இடத்துக்கும் வீடு என்றே பெயர்.

காரணமும் தெளிவாகவே இருந்தது. அந்த வீடு அம்மா மூத்தவளுக்கென்று கட்டியது. பெண்ணுக்கு வீடு, அவளைக் கட்டுகிறவன் அந்த வீட்டுக்கு வந்து இருப்பான், அடுத்தவளுக்கு அடுத்த வளவில் இன்னொரு வீடு. அதுதான் ஒழுங்கு. மூத்தவளுக்கு ஒருவரும் வரவில்லை. இளையவளுக்கு அன்ரோ வந்தான். இன்னொரு வீடு எழும்பாததால் இந்த வீட்டுக்கே வந்தான். இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். முன்னறை பெரிய அறை. அதில் இரண்டு கட்டில் தாராளமாகப் போடலாம். கணக்கு அவ்வளவுதான்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுவார்கள், அழுதுகொண்டே செய்துவிடுவார்கள். அதைவிட, பேசாமல் போய், தன்னைப் பார்க்க வருகிற இல்லத்து ஆளிடம் நடந்துகொள்கிற விதமாக நடந்துகொண்டால், அவர்களே வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுதான் திட்டம். மேர்லின் விடியற்காலையில் ஊதாச் சல்வாரை எடுத்து வைத்து, முகத்துக்குப் பவுடரும் போட்டுவிட்டபோது மக்டலின் மறுக்கவில்லை. சேர்க்கும்போது படம் எடுப்பார்கள்போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

தாவரத் தோட்டத்தின் வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுத்த றம்லா என்ற பெண் பச்சைப் பர்தாவுக்கு மேலே தோட்டத்தின் தொப்பியையும் போட்டிருந்தாள். நாற்காலியைக் கண்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

"வாங்க வாங்க. இந்தப் பாதை தொறந்து இன்னும் மாசமாகல்ல. ஒங்கட கதிரைதான் ரெண்டாவது. கல்லுப் போட்ட பாதையாலயே போங்க, புல்லுல எறக்கிராதீங்க, சில்லு பொதஞ்சிரும்."

"முதலாவது கதிரை ஆருட?" என்று கேட்டாள் மக்டலின்.

"அது சும்மா வெறுங்கதிரை. நேத்து ஒராள் எங்கட கந்தோருல இருக்கிற சில்லுக் கதிரையைக் கேட்டு எடுத்து உருட்டிப் பாத்தார். எங்க கிறுகித் திரும்பும், எங்க திரும்பாது, சரிவு கூடவா, எல்லாம் பாத்தார். இண்டைக்கும் வந்து உள்ளுக்குத்தான் நிக்கிறார்."

மேர்லினும் அன்ரோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை மக்டலின் கண்டாள். ஒரு கணம்தான். ஆனால் வருடக்கணக்காக யன்னலால் மட்டும் உலகத்தைப் பார்த்தவளுக்கு ஒரு கணம் போதும்.

ஆக, ஆள் வைத்துப் பார்க்கிறார்கள். இல்லத்து அதிகாரி ஒருவர் முன்கூட்டியே வந்து ஒத்திகையும் பார்த்திருக்கிறார்.

"அக்கா, நீ முன்னால போ. நாங்க தண்ணிப் போத்தல் வாங்கிட்டு வாறம்."

"ஒரு போத்தலுக்கு ரெண்டு பேரா?"

"ரெண்டு போத்தல், மச்சாள்," என்றான் அன்ரோ அவசரமாக.

மக்டலின் சில்லுகளைத் தள்ளினாள். தள்ளியதும் அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. பாதை உண்மையாகவே நன்றாக இருந்தது. வழுக்காத கல், இரண்டு நாற்காலிகள் பக்கம் பக்கமாகப் போகும் அகலம், ஓரத்தில் சில்லு வெளியே ஓடாமல் இருக்கச் சின்ன வரம்பு, உட்கார்ந்திருப்பவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மரப்பிடி. எங்கும் படி இல்லை. ஏற வேண்டிய இடத்தில் பாதை வளைந்து, யோசித்து, மெல்ல ஏறியது. இவ்வளவு இதமாக ஒரு வழி போட்டிருக்கிறார்கள் என்றால், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பயப்பட வேண்டாமா?

நாவல் மரத்தின் கீழே நிழல் ஊதாவாக விழுந்து கிடந்தது. கிட்டப் போனபோதுதான் அது நிழலல்ல, நசிந்த பழமென்று தெரிந்தது. சில்லில் ஒட்டியது. விளாவும் பாலையும் கொக்கட்டியும் தாண்டிப் போயின. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பலகை, எழுத்துக்குக் கீழே பார்வையற்றோருக்கான புள்ளிகள். மருது மரத்தின் பலகையில் 'மருந்து' என்று அச்சாகியிருந்தது. மக்டலினுக்குக் கை துறுதுறுத்தது. பிழை திருத்த ஆளில்லாத தோட்டம்.

அடுத்த வளைவில், மரங்களுக்குப் பின்னால், வெள்ளைச் சுவர் தெரிந்தது.

அவள் நாற்காலியை நிறுத்தினாள். நீளமான, தாழ்ந்த கட்டடம். வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு. கம்பி யன்னலுக்குள் வரிசையாக இரும்புக் கட்டில்கள், பழைய ஆசுப்பத்திரிக் கட்டில்கள், தலைமாட்டில் வெள்ளைப் பூச்சு உரிந்தவை. கட்டில்களின் மேல் மெல்லிய துணி விரித்திருந்தது. ஆட்கள் இல்லை, தலையணை இல்லை, ஒரு கோப்பைகூட இல்லை. யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பது போலவும், வந்தவர்களை எல்லாம் விழுங்கி முடித்துவிட்டு இளைப்பாறுவது போலவும் அந்தக் கட்டில்கள் வெயிலுக்குள் கிடந்தன.

தோட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பூப் பார்க்க வா என்று கூட்டிவந்து கட்டிலைக் காட்டுகிறார்கள்.

"மக்டலின்தானே?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனை. முகம் நல்ல முகம். அதனால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

"பேரைத் தெரிஞ்சுகொண்டுதானே கேக்கிறீங்க."

"ஓம்." அவர் சங்கடமாகச் சிரித்தார். "ஃபாதர் சொன்னவர். நான் ஜொய்சன். தன்னாமுனை."

ஃபாதர். தன்னாமுனை. எல்லாம் பொருந்தியது.

"அங்கால போவமா?" என்று கேட்டுவிட்டு அவர் பக்கத்தில் நடந்தார். நாற்காலியைப் பிடிக்கவில்லை. தானே உருட்டுகிறாளா என்று பார்க்கிறார்போலும். மக்டலின் வேண்டுமென்றே கோணலாக உருட்டினாள். ஒரு சில்லு ஓர வரம்பில் முட்டியது. அவர் நின்று, அவள் நேராக்கும்வரை காத்திருந்து, மறுபடி நடந்தார்.

"பாதை வசதியா இருக்கா?"

"பாதைக்கென்ன. எங்க போய் முடியுது எண்டதுதான் கேள்வி."

"வாவியில முடியுது. கண்ணாக்காட்டுக்கு மேலால ஒரு மேடை கட்டியிருக்காங்க. நேத்துப் பாத்தன்."

கள்ளமில்லாத குரல். இப்படிக் கதைக்கத் தெரிந்தவரைத்தான் இந்த வேலைக்கு வைப்பார்கள்.

"விடியத்தில எத்தின மணிக்கு எழும்புவீங்க?"

தொடங்கிவிட்டது. "பத்து," என்றாள். உண்மையில் ஐந்தரை. "அதுக்கு முந்தி எழுப்பினா ஏசுவன்."

"ஓ," என்றார் ஜொய்சன். "சாப்பாடு?"

"எனக்கு நாளாந்தம் வாவி இறால் வேணும். இல்லாட்டிக் கோப்பையை எறிவன்."

"எறியிறதெண்டா... பீங்கான் கோப்பையா?"

"கைக்கு எது வருகுதோ அது."

"இறால் பிரச்சினை இல்ல," என்றார் அவர். "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வலை வைச்சிருக்கார்."

மக்டலின் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். எந்த இல்லத்தில் நாளாந்தம் இறால் போடுவார்கள்? இவர் எதற்கும் தயாராக வந்திருக்கிறார். இன்னும் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும்.

"ராவையில பாட்டுப் படிப்பன். சத்தமா. கோயில் பாட்டு. ராகம் ஒண்டும் வராது."

"எனக்குக் குறட்டை வரும்," என்றார் ஜொய்சன். "தங்கச்சிமார் இருக்கேக்க பக்கத்து அறையில படுக்கமாட்டாங்க. உங்களுக்குச் சொல்லித்தானே ஆகணும்."

இது விசித்திரமாக இருந்தது. இவரும் அங்கேதான் படுக்கிறாரா? காவலாளியா? காவலாளி குறட்டை விட்டால் காவல் எப்படி?

"அங்க இப்ப எத்தின பேர் இருக்கிறீங்க?" என்று அவள் நேராகக் கேட்டாள்.

"வீட்டிலயா? இப்ப நான் மட்டும்தான். முந்தி நிறையப் பேர். ஒவ்வொருத்தராப் போயிட்டாங்க."

"போயிட்டாங்களா?"

"ஓம். கடைசியா அம்மா. போன மாசி."

இல்லத் தலைவியை அம்மா என்றுதான் அழைப்பார்கள். அம்மாவும் போய்விட்டாள். மக்டலினின் உள்ளங்கை சில்லில் வழுக்கியது. "அப்ப இப்ப ஆரு பாக்கிற? ஆரு சமைக்கிற?"

"நானே சமைச்சு நானே தின்னுறன். ராவையில அவ்வளவு பெரிய இடத்தில ஒரு சத்தமும் இருக்காது. அதுதான் ஆளில்லாத குறை."

வெள்ளைச் சுவர் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. வரிசையாக வெறுங்கட்டில்கள், ஒரு கோடியில் இவர் தனியாகக் குறட்டை விட்டுக்கொண்டு, மறுகோடியில் அவள். நடுவிலே யாரோ படுத்து எழும்பாமல் போன கட்டில்கள். ஆளில்லாத குறைக்கு ஆள் தேடுகிறார்கள். அவளுக்குத் திட்டம், நடிப்பு எல்லாம் மறந்துபோயிற்று.

"நான் வரமாட்டன்!" என்று கத்தினாள். பாலை மரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் பறந்தன. "எனக்கு வீடு இருக்கு. எங்கட அம்மா எனக்கெண்டு கட்டின வீடு. உங்கட கட்டிலுக்குள்ள கொண்டுபோய் என்னை வைக்க ஏலா!"

ஜொய்சன் முகம் சிவந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "என்ன கட்டில்? மெல்லக் கதைங்க. ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

"நான் பாத்தன். அங்கால, வெள்ளைக் கட்டடத்துக்குள்ள, வரிசையா."

"அதா?" அவர் திரும்பிப் பார்த்தார். "அது நாத்துக் கொட்டில். ஆசுப்பத்திரியில கழிச்ச கட்டில வாங்கி அதில கன்று வளர்க்கிறாங்க. கறையான் ஏறாதாம். துணிக்குக் கீழ எல்லாம் கன்றுதான்."

"அப்ப இல்லம் எங்க?"

"என்ன இல்லம்?"

காற்று வாவிப் பக்கமிருந்து சேற்று மணத்தோடு வந்தது.

"நீங்க எதுக்கு இஞ்ச வந்தீங்க?" என்று கேட்டாள் மக்டலின், இப்போது மிக மெதுவாக.

ஜொய்சன் பேனையை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார். "பொம்பிள பாக்க."

"எந்தப் பொம்பிளைய?"

"உங்களத்தான்... அவங்க உங்களுக்குச் சொல்லல்லையா?"

இடம். அக்காவுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு. 'பல பொருள் ஒரு சொல்' என்று தலைப்பிட்டு எத்தனை வினாத்தாள் அடித்திருக்கிறாள். பஸ் கவிழ்வதற்கு முன்னர் அவளுடைய வீட்டுக்குள்ளும் அந்தச் சொல் அந்தப் பொருளோடு வந்து போனதுதான். வாழைச்சேனையில் ஒரு இடம், கல்லடியில் ஒரு இடம் என்று அம்மா தரகரிடம் கேட்பாள். பிறகு யாரும் அவளைப் பற்றிக் கதைக்கும்போது அந்தச் சொல்லை அப்படிச் சொல்லவில்லை. ஒரு சொல்லிலிருந்து ஒரு பொருள் விழுந்துவிட்டதை அவள் கவனிக்கவே இல்லை. மேர்லின் அதைத் திரும்பவும் எடுத்து வைத்தபோது, அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

வெட்கம் கழுத்துவரை வந்தது. அதன் பின்னாலேயே, பழக்கப்பட்ட நாய் போல, சந்தேகமும் வந்தது.

"என்னை ஏன்?" என்றாள். "நல்லா நடக்கிற பொம்பிளைகள் தன்னாமுனையில இல்லையா?"

"இருக்காங்க."

"அப்ப?"

ஜொய்சன் பாதையோரத்து வாங்கில் உட்கார்ந்தார். இப்போது இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. "எனக்கு மூண்டு தங்கச்சிமார். மூண்டு பேருக்கும் வீடு கட்டி முடிக்க எனக்கு இந்த வயசாச்சு. இப்ப நான் இருக்கிறது கடைசித் தங்கச்சிட வீடு. சித்திரைக்கு அவவும் மாப்பிள்ளையும் கொழும்பால வந்திருவாங்க. அதுக்கு முந்தி நான் எங்கயாவது..."

"அப்ப வீட்டுக்காக வந்தீங்க."

அவர் உடனே மறுக்கவில்லை. "அதுவும் இருக்கு," என்றார். "இல்லையெண்டு சொன்னா நீங்க நம்பமாட்டீங்க."

"வேற என்ன இருக்கு?"

"நான் பள்ளிக்கூடத்தில ஆய்வுகூட உதவியாளர். போன தவணை பத்தாம் ஆண்டு விஞ்ஞானப் பேப்பர் வந்திச்சு. ஏழாம் கேள்விக்குக் கீழ, 'சேர், இதில நாலு விடையும் பிழை, கேள்வியும் பிழை, நித்திரையில எழுதினீங்களா' எண்டு அச்சாகியிருந்திச்சு."

மக்டலின் வாயைப் பொத்தினாள். ஆசிரியருக்கு அவள் எழுதிய குறிப்பு அது. அந்த மனிதர் அதை அழிக்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

"பிள்ளைகள் எல்லாம் அந்தக் குறிப்புக்குக் கீழ 'ஆம்' எண்டு எழுதி வைச்சிருக்குதுகள்," என்றார் ஜொய்சன். "நான் ஒரு கிழமை சிரிச்சன். இத அடிச்சது ஆரு எண்டு விசாரிச்சன். மறுகாத்தான் ஃபாதரிட்டப் போனன்."

அவள் சிரித்துவிடக் கூடாது என்று மரப்பிடியை இறுகப் பிடித்தாள். முடியவில்லை. சிரிப்பு வந்து, கூடவே கண்ணீரும் வந்து, பவுடர் கரைந்தது. அப்போதுதான் வளைவில் மேர்லினும் அன்ரோவும் தண்ணீர்ப் போத்தல்களோடு வந்து சேர்ந்தார்கள். போத்தல் வாங்கப் போய்க் கிணறு வெட்டியவர்களைப் போல வியர்த்திருந்தார்கள்.

"கதைச்சாச்சா?" என்றாள் மேர்லின், அவளுடைய முகத்தைப் படிக்க முயன்றுகொண்டு.

"இல்லத்துக்குக் கூட்டிப்போறீங்க எண்டு நினைச்சன்."

"என்ன இல்லத்துக்கு?"

"என்னைச் சேர்க்கிற இல்லத்துக்கு. நீ ஃபோனில 'இடம்' எண்டு சொன்னாய்."

மேர்லினுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் போத்தலை அன்ரோவின் கையில் திணித்துவிட்டு நாற்காலிக்கு முன்னால் குந்தினாள். "உனக்கென்ன விசரா அக்கா? உன்னை நான் இல்லத்தில விடுவனா?"

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வேன் கதவைப் பூட்டினாலும் குதிச்சிருப்பன்."

"அதுதான் சொல்லல்ல."

விடை நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மக்டலின் தங்கையின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் இன்னும் எதையோ மூடித் திறந்துகொண்டிருந்தது. "இவ்வளவு வருசமாப் பாக்காத இடத்த இப்ப ஏன் பாத்தீங்க?"

மேர்லின் அன்ரோவைப் பார்த்தாள். அன்ரோ போத்தலைப் பார்த்தான்.

"மச்சாள், எனக்குக் களுவாஞ்சிக்குடியில வேலை," என்றான். "உங்களுக்குத் தெரியுந்தானே. விடிய வெளிக்கிட்டா ராவைக்குத்தான் வீடு. பிள்ளைகள் என்னைக் காணுறது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தேற்றாத்தீவில ஒரு வளவு இருக்கு. அத்திவாரமும் போட்டாச்சு. போய் இருக்கத்தான் விருப்பம். ஆனா உங்களத் தனிய விட்டுட்டு..."

அவள் பயந்ததற்கு நேரெதிராகக் காரியம் நடந்திருக்கிறது. யாரும் அவளை வீட்டிலிருந்து அனுப்பவில்லை. அவர்கள்தான் போக நினைக்கிறார்கள். அவள்தான் வாசலில் குறுக்கே இருக்கிறாள்.

"அப்ப நீங்க எனக்கு மாப்பிள்ள பாக்கல்ல," என்றாள் மக்டலின். "உங்களுக்குப் பதிலா ஒராள் பாத்தீங்க."

ஜொய்சன் எழுந்து சற்றுத் தள்ளிப் போய், ஒரு பலகையை வாசிப்பதுபோல நின்றார். அதில் எழுதியிருந்தது இரண்டே சொல். அவர் நெடுநேரம் வாசித்தார்.

மேர்லின் அழுதாள். சத்தமில்லாமல், அக்காவின் சல்வார் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டும்தான் அக்கா. ரெண்டையும் ஒண்டா நினைச்சதில என்ன பிழை?"

"நான் இல்ல எண்டு சொன்னா?"

"சொன்னா என்ன. நாங்க இருப்பம். இப்பிடியே."

அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. 'ஓம்' என்று சொன்னால் தங்கைக்கு விடுதலை, 'இல்லை' என்று சொன்னால் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்படி ஒரு கேள்வியை யாராவது அடிக்கத் தந்திருந்தால், கீழே குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருப்பாள்.

அவள் நாற்காலியைத் தள்ளினாள். மூவரும் பின்னால் வந்தார்கள். ஒருவரும் கைப்பிடியைத் தொடத் துணியவில்லை. பாதை கண்ணாக்காட்டின் சதுப்பு மரங்களுக்குள் இறங்கி, பலகையாக மாறி, வேர்களுக்கு மேலால் போய், வாவியின் மேல் திறந்தது. பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் உயரம்கூட இல்லை. சில்லு தடக்கென்றுகூடச் சொல்லாமல் ஏறியது. அவள் நின்று, திரும்பி, அந்த இணைப்பைப் பார்த்தாள். பின்னோக்கி உருட்டி, மறுபடி முன்னால் உருட்டினாள்.

"என்ன அக்கா?" என்றாள் மேர்லின் பயந்துபோய்.

"குசினியால கிணத்தடிக்கும் கக்கூசுக்கும் போற இடத்தில ரெண்டு படி இருக்கு."

"ஓம்?"

"ரெண்டே ரெண்டு படி. அம்மா இருக்கேக்க அம்மா தூக்கினவ, மறுகா நீ தூக்கினாய், அன்ரோ தூக்கினவர். ஒன்பது வருசம். இப்ப அதுக்கு ஒரு மாப்பிள்ள பாக்கிறீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "ஒருத்தருக்காவது அந்தப் படிய உடைப்பம் எண்டு தோணிச்சா? எனக்கே தோணல்ல. இவ்வளவு நேரம் இந்தப் பாதையில என்ன பொறி இருக்கு எண்டு பாத்திட்டு வந்தன். இஞ்ச படி இல்லை, அவ்வளவுதான்."

அன்ரோ குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தான். "சரிவு போடலாம் மச்சாள். சீமெந்து நாலு பை போதும்."

"அடுப்பு மேடையையும் எனக்கு எட்டுற மாதிரிப் பதிச்சுத் தாங்க. தண்ணிப் பைப்பை இஞ்சால கொண்டுவாங்க. அதெல்லாம் முடிச்சுப்போட்டுத் தேற்றாத்தீவுக்குப் போங்க."

"தனியவா இருக்கப் போறாய்?" என்றாள் மேர்லின்.

"அது இன்னும் முடிவாகல்ல. ஆனா நீங்க போறது முடிவு. அவர் வந்தாலும் போகணும், வராட்டியும் போகணும். எப்ப போறீங்க?"

வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறவள் பார்ப்பதுபோல மேர்லின் அக்காவைப் பார்த்தாள். பிறகு மேடையின் ஓரத்துக்குப் போய், மூக்கைத் துடைத்தாள். "தை பிறந்து," என்றாள் வாவியிடம்.

தூரத்தில் ஒரு தோணி அசையாமல் நின்றது. ஜொய்சன் மேடைக்கு வராமல், கல்லும் பலகையும் சேருமிடத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். போவதா நிற்பதா என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மக்டலின் அவர் பக்கம் திரும்பினாள். அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வீட்டுக்காகவும் வந்தேன் என்று சொன்ன ஆள். அவளைப் பார்க்க வந்தவர்களில் உண்மையைக் கேட்டதும் சொன்ன ஆள் அவர் மட்டும்தான். ஆனால் அதுவும் ஒரு கெட்டித்தனமாக இருக்கலாம்.

"நான் அஞ்சரைக்கு எழும்புவன்," என்றாள்.

"அப்ப பத்து மணி?"

"பொய். இறாலும் நாளாந்தம் வேண்டாம். கோப்பை எறியமாட்டன்."

"பாட்டு?"

"பாட்டு உண்மை."

அவர் தலையாட்டினார். "குறட்டையும் உண்மை."

"எங்கட வீட்டில சரிவு எந்த அளவுக்கு இருக்கணும் எண்டு அன்ரோவுக்குத் தெரியாது. நீங்க நேத்து உருட்டிப் பாத்தீங்க எண்டு வாசல்ல நிண்ட பிள்ளை சொல்லிச்சு. வாற ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து அந்தப் படியைப் பாருங்க."

"படியை மட்டுமா?"

"படியை மட்டும். பொம்பிள பாக்க வாறதெண்டா எனக்குச் சொல்லிப்போட்டு வரணும். மேர்லினுக்கு இல்ல, ஃபாதருக்கு இல்ல. எனக்கு."

ஜொய்சன் கைபேசியை எடுத்தார். "அப்ப உங்கட நம்பர்?"

மக்டலின் சொல்லத் தொடங்கி, மூன்றாம் இலக்கத்தில் நிறுத்தினாள்.

"ஃபாதர் முதல்லயே தந்திருப்பாரே."

"தந்தவர்," என்றார் ஜொய்சன். "நீங்க தரல்லையே."

அவள் மீதி இலக்கங்களையும் சொன்னாள்.